சித்தி என்பது யாது?

உபாத்தியாயர்களே! ஐந்தாந்தரப் புலமைப்பரிசிற் பரீட்சை எதன்பொருட்டு ஏற்பட்டது? இலவசக் கல்வி வேரூன்றிய 1940களிலே, வறிய பிள்ளைகளுள் வல்லாரைத் தெரிந்து, உதவிப்பணம் நல்கி, மத்திய கல்லூரிகளிற் சேர்த்தற்பொருட்டேயாம். ஏணியாக வைக்கப்பட்ட அது, இன்று பத்து வயதுப் பாலகரை அளக்குங் கோலாயிற்று.

வெட்டுப்புள்ளியாவது உதவி பெறுவோரைத் தெரிதற்கு இடுங் கோடேயன்றி, பிள்ளையின் அறிவுக்கு எல்லையன்று. அது மாவட்டந்தோறும் வேறுபடுதலே இதற்குச் சான்று. ஒரு மாவட்டத்திற் சித்திக்குப் போதிய புள்ளி மற்றொன்றிற் போதாதாம். மாவட்ட எல்லையைக் கடந்தவுடன் பிள்ளையின் அறிவு மாறுமோ?

யானும் ஒருகாற் பிழைசெய்தேன். பெறுபேறு வந்த நாளிலே சித்தியெய்தினார் பெயர்களை மாத்திரம் கரும்பலகையில் எழுதினேன். இரண்டு புள்ளி குறைந்த சிறுமியொருத்தி அன்றுதொட்டு வகுப்பிலே கையுயர்த்துதலை விட்டொழிந்தாள். கணக்கை விரும்பிச் செய்தவள் அவள். அவளைத் தோற்பித்தது பரீட்சையன்று. என் கைச் சுண்ணக்கட்டியே.

ஆதலின், பெயர்ப்பட்டியலைத் தூக்காதொழிக. தவறிய விடையைப் பிள்ளை தானே திருத்துமாறு உடனிருந்து உதவுக. பெற்றார் புள்ளியை வினவின், சென்ற தவணையில் அறியாத எதனைப் பிள்ளை இப்போது அறிந்துளதென்பதை முதலிற் கூறுக. நேற்றறியாததை இன்றறிதலே சித்தி; அஃது எல்லாப் பிள்ளைகட்கும் உரியது.