நூறு கெஜத் தொலைவு

புகையிலை நம் நாட்டின் பழம்பயிர் அன்று. அமெரிக்கக் கண்டத்தில் தோன்றிய அச்செடி, போர்ச்சுக்கீசியரின் கப்பல்களில் ஏறி இந்தியாவின் மேலைக் கரையை வந்தடைந்தது. பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், பீசப்பூருக்குத் தூது சென்று மீண்ட ஆசாத் பேக் என்பார், அங்கே தாம் கண்ட புகையிலையையும் அதனைப் புகைக்கும் அழகிய குழாயையும் ஆக்ராவில் அக்பரின் திருமுன் காணிக்கையாக வைத்தார். பேரரசர் வியப்புற்று, குழாயை வாயில் வைத்துப் புகையை இழுக்கலானார். அரண்மனை மருத்துவரோ அதனைத் தடுத்தார். மேலைநாட்டார் கைக்கொண்டனர் என்பது ஒன்றே ஒரு பொருளை ஏற்பதற்குப் போதிய காரணம் ஆகாது என்பதும், ஆராய்ந்து அறியப்படாததனை அரசர் உட்கொள்ளுதல் தகாது என்பதும் அம்மருத்துவரின் வாதம். உலகில் உள்ள வழக்கங்கள் அனைத்தும் ஒரு காலத்தில் புதியனவாகவே இருந்தன என்று ஆசாத் பேக் எதிர்வாதம் புரிந்தார். அக்பர் இருவர் உரையையும் செவிமடுத்தார். எனினும் புகைக்கும் வழக்கத்தை அவர் மேற்கொள்ளவில்லை. அவையிலிருந்த பிரபுக்கள் மேற்கொண்டனர். வணிகர் அதனை விற்கத் தொடங்கினர். 1617ஆம் ஆண்டில் சகாங்கீர் புகைத்தலைத் தடைசெய்து ஆணை பிறப்பித்தபோது, காலம் கடந்துவிட்டிருந்தது.

ஏறத்தாழ அதே காலத்தில், இங்கிலாந்தின் முதலாம் சேம்சு மன்னர் வேறொரு வழியை நாடினார். அவர் 1604ஆம் ஆண்டில் புகையிலையைக் கண்டித்து நூல் ஒன்று எழுதியதோடு அமையாது, ஒரு பவுண்டு எடைக்கு இரண்டு பென்சாக இருந்த வரியை ஆறு சில்லிங்கு பத்துப் பென்சாக உயர்த்தினார். ஆணை, கண்டனம், வரி என்னும் இம்மூன்று கருவிகளே இன்றுவரை அரசுகளின் கையில் உள்ளன. ஆயின், வரியால் பெருகும் வருவாய் அரசின் கைகளையே பின்னாளில் கட்டிவிடுவதும் உண்டு.

சிறுவர் பொருட்டுத் தனிச்சட்டம் இயற்ற வேண்டும் என்னும் எண்ணம் பிற்காலத்தில் எழுந்தது. பிரிட்டனில் 1908ஆம் ஆண்டுச் சிறார் சட்டம், பதினாறு வயது நிரம்பாதவருக்குச் சிகரெட் விற்றலைக் குற்றமாக்கியது. சிகரெட்டிற்கும் நுரையீரற் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பினை டால், இல் என்னும் அறிஞர் இருவர் தக்க சான்றுகளோடு வெளியிட்டது 1950ஆம் ஆண்டில் ஆகும். நோயின் வேரை அறிவியல் காட்டுவதற்கு நாற்பத்திரண்டு ஆண்டுகளுக்கு முன்னரே, வளரும் உடலுக்கு அஃது ஆகாது என்பதனைச் சட்டம் உணர்ந்திருந்தது எனலாம்.

இந்தியாவில் 1975ஆம் ஆண்டுச் சட்டம் சிகரெட்டுப் பெட்டியின்மீது எச்சரிக்கைச் சொற்களைப் பொறிக்கச் செய்தது. பீடியும் சுருட்டும் மெல்லும் புகையிலையும் அதன் எல்லைக்கு அப்பாலே நின்றன. உழைப்பாளர் பலர் புகைப்பது பீடியே என்பதை எண்ணினால் அச்சட்டத்தின் குறை புலனாகும். பின்னர், 1999ஆம் ஆண்டில் கேரள உயர்நீதிமன்றம் பொது இடங்களில் புகைத்தலைத் தடுக்குமாறு தீர்ப்பளித்தது. 2001ஆம் ஆண்டில் உச்சநீதிமன்றமும் நாடு முழுவதற்கும் அவ்வாறே ஆணையிட்டது. இவற்றின் பின் வந்ததே 2003ஆம் ஆண்டுப் புகையிலைப் பொருள்கள் சட்டம். அது சிகரெட்டு, பீடி, சுருட்டு, மூக்குப்பொடி, மெல்லும் புகையிலை ஆகிய எல்லாவற்றையும் ஒருசேரத் தழுவியது.

அச்சட்டத்தின் ஆறாம் பிரிவு மாணவர்க்கு மிக நெருங்கியது. பதினெட்டு வயது நிரம்பாதவருக்குப் புகையிலைப் பொருளை விற்றல் கூடாது. கல்வி நிலையத்திலிருந்து நூறு கெஜத் தொலைவிற்குள் எவருக்குமே விற்றல் கூடாது. அத்தொலைவு பள்ளியின் வாயிலிலிருந்து அன்றி, சுற்றுச்சுவரின் வெளிவிளிம்பிலிருந்து எல்லாத் திசையிலும் அளக்கப்படும். நூறு கெஜம் என்பது இக்கால அளவில் தொண்ணூற்றோரு மீட்டருக்குச் சற்று மிகுதியாகும்.

சட்டம் செயற்படும் களம் நீதிமன்றம் அன்று, தெருமுனையிலுள்ள பெட்டிக்கடையே. கடைத்தூணில் கயிறு ஒன்று தொங்கும்; அதன் நுனியில் நெருப்புக் கனன்றுகொண்டிருக்கும். ஆரஞ்சு மிட்டாய்ப் புட்டிக்கு அருகிலேயே சிகரெட்டுப் பெட்டியும் பீடிக்கட்டும் இருக்கும். பத்து வயதுச் சிறுவன் ஒருவன் வந்து காசை நீட்டி, “அப்பா வாங்கி வரச் சொன்னார்” என்கின்றான். கடைக்காரர் அச்சிறுவனையும் அறிவார், தந்தையையும் அறிவார். தந்தைக்காகவே ஆயினும், சிறுவன் கையில் அதனை விற்பது குற்றமே. மறுத்தாலோ, நாள்தோறும் வரும் வாடிக்கைக்காரர் வேறு கடையை நாடுவார். கடைக்காரரும் பிழைக்க வேண்டுமன்றோ! இந்த இக்கட்டினைச் சட்டம் இயற்றுவோர் பெரிதும் எண்ணிப் பார்ப்பதில்லை. சிறுவனுக்கு விற்றவர்க்கு அச்சட்டத்தில் விதிக்கத்தக்க தண்டம் இருநூறு ரூபாய் வரையே. மாறாக, 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டமோ, சிறார்க்குப் புகையிலைப் பொருளைக் கொடுப்பவர்க்கு ஏழாண்டு வரை கடுங்காவலும், ஓரிலக்கம் ரூபாய் வரை தண்டமும் விதிக்க இடமளிக்கின்றது. ஒரே செயலுக்கு இத்துணை வேறுபட்ட அளவுகோல்கள் இருத்தல் வியப்பிற்குரியது.

எச்சரிக்கைப் படங்களின் நிலையும் கருதத்தக்கது. 2016ஆம் ஆண்டு முதல், பெட்டியின் முகப்பில் நூற்றுக்கு எண்பத்தைந்து பங்கினை எச்சரிக்கை நிரப்புகின்றது. ஆனால், பெட்டிக்கடையில் ஒன்றும் இரண்டுமாகச் சில்லறையில் வாங்குபவன் பெட்டியைக் காண்பதே இல்லை. சிறுவனிடம் இருக்கும் காசு ஒன்று வாங்குவதற்கே போதும். எனவே, யாருக்கு அப்படம் மிகவும் வேண்டுமோ அவனுக்கே அது கிட்டாமற் போகின்றது. 2019ஆம் ஆண்டில் பதின்மூன்று முதல் பதினைந்து வயது வரையுள்ள இந்திய மாணவரிடையே எடுக்கப்பட்ட கணக்கெடுப்பில், நூற்றுக்கு எட்டரைப் பேர் ஏதேனும் ஒரு வகையில் புகையிலையைப் பயன்படுத்துவது தெரிந்தது. பீடியைத் தொட்டவர்களில் பாதிப்பேர் பத்தரை வயதிற்குள்ளாகவே தொட்டுவிட்டனர்.

இதனிடையே புதிய கருவி ஒன்று தோன்றிற்று. சீன நாட்டு மருந்தியலாளர் ஓன் லிக் என்பவர் 2003ஆம் ஆண்டளவில் மின்சிகரெட்டை உருவாக்கினார். அவர் தந்தை நுரையீரற் புற்றுநோயால் மாண்டவர்; அவரும் மிகுதியாகப் புகைத்தவர். அக்கருவியில் இலையும் இல்லை, தீயும் இல்லை. மின்கலத்தால் சூடேறும் கம்பிச்சுருள் ஒன்று நிக்கோட்டின் கலந்த நீர்மத்தை ஆவியாக்குகின்றது. தீயில்லாமையால் தார் என்னும் நச்சுப்பிசின் அதில் உண்டாவதில்லை. எனினும், அடிமைப்படுத்தும் நிக்கோட்டின் அதில் இருக்கின்றது. மாம்பழச் சுவையும் புதினாச் சுவையும் ஊட்டி, எழுதுகோல் போலும் வடிவில் செய்து விற்கையில், அதனை விரும்பி வாங்குவோர் முதிர்ந்த புகைப்பாளர் மட்டும் அல்லர். இளமூளை இருபத்தைந்து வயதளவும் வளர்ந்துகொண்டிருப்பது. அவ்வளர்ச்சிக்கு நிக்கோட்டின் ஊறு செய்யும் என்பர் மருத்துவர்.

இதனை ஆளும் முறையில் நாடுகள் இருவேறு வழி சென்றன. புகைப்பவர் சிகரெட்டை விட்டொழிக்க அஃது உதவும் என்று கருதிய பிரிட்டன், முதியவர்க்கு விற்றலை ஒப்பி, பதினெட்டு வயது நிரம்பாதவருக்கு விற்றலைத் தடுத்தது. பிறகு, ஒருமுறை பயன்படுத்தி எறியும் வகையினை 2025ஆம் ஆண்டு சூன் முதல் நாளிலிருந்து முற்றிலும் விலக்கியது. இந்தியாவோ முழுத்தடையை மேற்கொண்டது. தமிழ்நாடு 2018ஆம் ஆண்டிலேயே தடை விதித்தது. நடுவண் அரசு 2019ஆம் ஆண்டு செப்டம்பரில் அவசரச் சட்டமும், அவ்வாண்டு இறுதியில் நாடாளுமன்றச் சட்டமும் பிறப்பித்தது. செய்தல், இறக்குமதி, விற்பனை, விளம்பரம் யாவும் குற்றமாயின. முதற்குற்றத்திற்கு ஓராண்டு வரை சிறையோ, ஓரிலக்கம் ரூபாய் வரை தண்டமோ, இரண்டுமோ விதிக்கலாம்.

புற்றுநோயை வளர்க்கும் சிகரெட்டு கடையில் கிடைக்க, தீயில்லாக் கருவிக்கு மட்டும் முழுத்தடை ஏன் என்று வினவுவோர் உளர். வினா நேர்மையானதே. புகையிலையை நம்பித் தென்காசி, திருநெல்வேலிப் பகுதிகளில் வீட்டுத் திண்ணையிலிருந்து பீடி சுற்றும் பெண்கள் மிகப் பலர். ஆந்திரத்தில் அதனைப் பயிரிடும் உழவரும் பலர். நானூறு ஆண்டுகளாக ஊன்றிய ஒன்றை ஒரே நாளில் பிடுங்குதல் அரசுக்கு அரிது. மின்சிகரெட்டோ வேரூன்றாத நாற்று. அன்று அரண்மனை மருத்துவர் கூறிய சொல்லை, இம்முறை அரசு உரிய காலத்தில் கேட்டது என்பதே தடையை ஆதரிப்போர் கூறும் விடை.

இனி, பழைய பொருளின் பொருட்டு எஞ்சியிருப்பது அந்த நூறு கெஜமே. சுற்றுச்சுவரிலிருந்து அத்தொலைவினை அளந்து எல்லை குறிக்க வேண்டும் என்று கல்வி நிலையங்களுக்கு நெறிமுறை வகுக்கப்பட்டுள்ளது. அளவுநாடாவும் சிறிது வண்ணமும் இருந்தால் ஒரு பிற்பகலில் முடியும் வேலை அது. கோட்டிற்கு உட்புறம் எத்தனை கடைகள் நிற்கின்றன என்பது அப்பொழுது தெரியவரும்.