ரோட்டுச் சத்தமா, மூட்டுச் சத்தமா?

நோர்வூட்டில் பழைய கார், வான் வைத்திருப்பவர்களிடம் "முன் சில்லுப் பக்கம் டொக் டொக்குன்னு கேக்குதே" என்று சொல்லிப் பாருங்கள். "நம்ம ரோடு அப்படித்தானுங்களே" என்பார்கள். ஹட்டனிலிருந்து வரும் பாதை இங்கே மஸ்கெலியாவுக்கும் பொகவந்தலாவைக்குமாகப் பிரிகிறது. எதில் போனாலும் வளைவு. தோட்டத்துக்குள் இறங்கினால் கல்லும் பள்ளமும். ஆகவே பழி பாதைமேல் விழுகிறது. ஆனால் நல்ல நிலையிலுள்ள முன்பக்கம் பள்ளத்தில் குலுங்குமே தவிர, இரும்போடு இரும்பு மோதுகிற சத்தம் தராது. அந்தச் சத்தம் வந்தால் முதலில் சந்தேகிக்க வேண்டியவற்றுள் ஒன்று போல் ஜொயின்ட்.

நம் இடுப்பு மூட்டைப் போலவே, கிண்ணத்துக்குள் ஓர் உருண்டை. சில்லைத் தாங்கும் நக்கிளையும் வண்டிச் சட்டத்திலிருந்து வரும் ஆர்மையும் அதுதான் பிணைக்கிறது. மேலே ஒரு ரப்பர் உறை. "ரப்பர்தானே கிழிஞ்சிருக்கு" என்று விடுவதுதான் அநேகமாக எல்லாவற்றுக்கும் தொடக்கம். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவமழை இந்த மலைச்சரிவை நனைத்துக்கொண்டே இருக்கிறது. கிழிசல் வழியே சேற்றுத் தண்ணீர் உள்ளே போகும், கிரீஸ் வெளியே வரும், உருண்டை துருப்பிடித்துத் தேயும். தேய்மானம் முற்றினால் உருண்டை கிண்ணத்தைவிட்டுக் கழன்று சில்லு மடிந்துவிடும். மலைப்பாதையில் அதற்கு என்ன அர்த்தம் என்று இங்குள்ளவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

கிரீஸ் அடித்தால் சரியாகும் என்ற நம்பிக்கைக்கு ஒரு பின்னணி உண்டு. அக்காலத் தோட்ட லொறிகளில் இந்த மூட்டுக்குப் பதிலாக இருந்தது கிங் பின். அதற்குத் தவறாமல் கிரீஸ் அடித்தே ஆக வேண்டும். அந்தப் பழக்கம் கைமாறி வந்திருக்கிறது. இன்றைய கார்களில் பெரும்பாலும் மூடி அடைத்த மூட்டுகள். கிரீஸ் நிப்பிளே கிடையாது. நிப்பிள் இருந்தாலும், கிரீஸ் தேய்மானத்தைத் தள்ளிப்போடுமே தவிர, தேய்ந்த இரும்பை வளர்க்காது. கிண்ணத்தைச் சுத்தியலால் தட்டி இறுக்குவதும் வெல்டிங் வைப்பதும் உயிரோடு விளையாடுவது.

"ஜெக் வச்சித் தூக்கி ஆட்டிப் பாத்தேன், ஆட்டமே இல்ல" என்பதுதான் நம்பத்தகுந்ததாகத் தோன்றும் பிழை. எங்கே தூக்கினீர்கள் என்பதில்தான் விடை இருக்கிறது. பல சிறிய கார்களில் ஸ்பிரிங் மேலே ஸ்ட்ரட்டோடு இருக்கும். கீழ் மூட்டுக்கு வண்டிப் பாரம் இல்லை. அங்கே சேஸியில் தூக்கிச் சில்லைத் தொங்கவிட்டுப் பார்க்கலாம். ஸ்பிரிங் கீழ் ஆர்மின்மேல் உட்காரும் வண்டியில் அப்படித் தூக்கினால் ஸ்பிரிங்கே மூட்டை அழுத்திப் பிடித்து ஆட்டத்தை மறைத்துவிடும். அங்கே ஜெக்கைக் கீழ் ஆர்முக்கு அடியில், சில்லுக்குக் கிட்டவாக வைக்க வேண்டும். பிறகு சில்லின் உச்சியையும் அடியையும் பிடித்து ஆட்டுங்கள். டயருக்கு அடியில் கடப்பாரை கொடுத்து நெம்பியும் பாருங்கள். ஆட்டம் இருந்தால் ஒருவரை பிரேக்கை மிதிக்கச் சொல்லுங்கள். நின்றுவிட்டால் சில்லு பெயாரிங், நிற்காவிட்டால் மூட்டு. இடமும் வலமுமாகப் பிடித்து ஆட்டும்போது மட்டும் ஆடினால் டை ரொட் முனையைப் பாருங்கள்.

புகைப் பரிசோதனையில் தேறிய வண்டிதானே என்றும் ஆறுதல் கொள்கிறார்கள். அது அளப்பது புகையை, மூட்டை அல்ல. 2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி, சொந்தக் கார்களுக்கு 2025 தொடக்கத்தில்தான் மீண்டும் திறந்தது. அந்த இடைவெளியில் பழைய வண்டிகளையே ஓட்டித் தீர்த்தோம். அவற்றின் கீழே குனிந்து பார்ப்பது இப்போது அவசியம்.

வீட்டில் மாற்றலாமா? போல்ட் பூட்டிய மூட்டையோ, மூட்டோடு சேர்ந்த முழு ஆர்மையோ மாற்றலாம். பிரஸ் வைத்து அழுத்த வேண்டிய வகையை கராஜுக்குக் கொண்டுபோங்கள். எனக்குப் பெரிய கவலை ஸ்பனரைப் பற்றியதல்ல, நிலத்தைப் பற்றியது. லயத்து வாசல் சரிவில், மழையில் ஊறிய மண்ணில், ஜெக்கை மட்டும் நம்பி ஒருவரும் வண்டிக்கு அடியில் போகக் கூடாது. சமமான சீமெந்துத் தளம், உறுதியான ஸ்டாண்ட், பின் சில்லுகளுக்கு முட்டுக்கட்டை. இவை இல்லாவிட்டால் வேலையைத் தொடாதீர்கள்.

மூட்டிலிருந்து கூம்பாக இறங்கிய தண்டை எடுக்க அதன் மரையில் அடிப்பார்கள், மரைதான் நசுங்கும். நட்டை முழுதாகக் கழற்றாமல் சில சுற்று விட்டு, தண்டு நுழைந்திருக்கும் நக்கிள் கண்ணின் பக்கவாட்டில் ஓங்கி அடியுங்கள். அதிர்ச்சியில் விடும், ஆர்மும் துள்ளி வராது. ஸ்பிரிங் பாரம் கீழ் ஆர்மில் இருந்தால் அதற்கடியில் ஜெக் கட்டாயம். பூட்டும்போது, குறித்த அளவுக்கு இறுக்கிய பின் கொட்டர் பின் துளை நேராக வரவில்லையென்றால் இன்னும் சற்று இறுக்கி நேராக்குங்கள், ஒருபோதும் தளர்த்தாதீர்கள். பழைய பின்னை மீண்டும் போடவும் வேண்டாம்.

தேய்ந்த மூட்டை வைத்துக்கொண்டு அலைன்மென்ட் செய்வது வீண் செலவு. மாற்றிய பின் செய்யுங்கள். ஒரு பக்கம் போனால் மறுபக்கமும் போயிருக்க வேண்டும் என்றில்லை. ஆனால் இரண்டும் ஒரே பாதையில் ஓடியவை என்பதால், வண்டி ஸ்டாண்டில் இருக்கும்போதே அதையும் நெம்பிப் பார்த்துவிடுங்கள்.