வேரைக் காக்கும் நற்பூஞ்சை

ஜவ்வாது மலையில் சாமையும் கொள்ளும் பெரும்பாலும் மானாவாரியாகவே விளைகின்றன. மழை தவறி நிலம் சூடேறுங்கால், கொள்ளு, உளுந்து முதலிய பயறு வகைகளை வேரழுகல் நோய் பற்றுகிறது. இலை மஞ்சளித்துச் செடி வாடும். இழுத்தால் எளிதில் கையோடு வரும். வேர்ப்பட்டை நார்நாராய் உரியும். மண்ணில் வாழும் தீய பூஞ்சையே இதற்குக் காரணம். வாடிய செடியைப் பிழைப்பித்தல் அரிது. ஆதலின் வருமுன் காப்பதே நம் கடமை.

பூஞ்சைகள் யாவும் தீயன அல்ல. டிரைக்கோடெர்மா என்னும் பச்சைப் பூஞ்சை, நோய்ப் பூஞ்சையின் இழைகளைச் சுற்றிப் பிணைந்து அவற்றையே உணவாக்கிக்கொள்ளும். வைண்ட்லிங் என்னும் அறிஞர் 1932-இல் இவ்வுண்மையை வெளியிட்டார்.

விதை கிலோ ஒன்றுக்கு 4 கிராம் டிரைக்கோடெர்மா விரிடி தூளைக் கலந்து விதைத்தல் வேண்டும். நிலத்திலிட, ஏக்கருக்கு 1 கிலோ தூளை 20 கிலோ மக்கிய தொழு உரத்துடன் கலந்து, ஈரமுள்ளபோது தூவலாம். இஃது உயிருள்ள பொருள்; வெயிலில் வைத்தலும், பூஞ்சைக்கொல்லி மருந்துடன் கலத்தலும் ஆகா. காலாவதி நாளையும் பார்த்தே வாங்குக.

ஊராட்சி உறுப்பினர்கள் விதைப்புக்கு முன்னரே ஊரின் தேவையைக் கணக்கிட்டு வேளாண்மை விரிவாக்க மையத்திற்குத் தெரிவிப்பார்களாயின், உழவர்கள் உரிய காலத்தில் பயன் பெறுவர். விதைத்தபின் தேடுவதால் பயனில்லை.