சுவரை ஒட்டிய 5 அடி

கலிபோர்னியாவில், சியெரா நெவாடா மலையடிவாரத்தில், பைன் மரங்களுக்கு நடுவே எங்கள் வீடு. இந்தப் பக்கம் புதிதாகக் குடிவருகிறவர்களிடம் நான் முதலில் சொல்வது ஒன்றுதான்: காட்டைப் பார்த்துப் பயப்படும் முன் வீட்டுச் சுவரை ஒருமுறை சுற்றி வாருங்கள்.

காட்டுத்தீ என்றால் மலையிலிருந்து மதில்போல் இறங்கும் நெருப்புதான் நம் நினைவுக்கு வரும். ஆனால், பெரும்பாலான வீடுகளைப் பற்றவைப்பவை காற்றில் பறந்துவரும் கங்குகள். 2018 நவம்பர் 8 அன்று பாரடைஸ் ஊரை அழித்த கேம்ப் தீயில் 85 பேர் இறந்தார்கள். 18,000க்கும் மேற்பட்ட கட்டடங்கள் போயின. அந்தத் தீக்குப் பின் எடுத்த படங்களில் பல வீடுகள் அடித்தளம்வரை எரிந்து கிடக்கும். பக்கத்து மரம் பச்சையாக நிற்கும். வீடு தப்புமா என்பதை அதன் கட்டுமானமும் அதைச் சுற்றியுள்ள சிறு இடமும்தான் முடிவு செய்கின்றன என்று அமெரிக்க வனத்துறை ஆய்வாளர் ஜாக் கோஹன் பல்லாண்டுகளாகச் சொல்லிவந்தார்.

கங்கு எங்கே போய்த் தங்கும்? சருகு தங்கும் இடத்தில்தான். பலத்த காற்றடித்த மறுநாள் காலை பாருங்கள்: கூரை மடிப்பு, மழைநீர் ஓடும் கட்டர், டெக்கின் அடிப்பகுதி, வாசற்படி மூலை. நாங்கள் வேலையைத் தொடங்கியது அந்த இடங்களில்தான்.

சட்டம் வீட்டைச் சுற்றி 100 அடிவரை சுத்தமாக வைக்கச் சொல்கிறது. கையில் காசும் நேரமும் குறைவென்றால் சுவரை ஒட்டிய 5 அடியில் ஆரம்பியுங்கள். அங்கே பரப்பியிருந்த மரப்பட்டையை அள்ளிவிட்டுச் சரளைக்கல் போட்டோம். ஜன்னலடி மல்லிகையை எடுக்க மனைவிக்கு மனசே வரவில்லை. இப்போது அது தள்ளி ஒரு தொட்டியில் பூக்கிறது. சுவரில் வந்து முட்டும் மரவேலி பட்டாசுத் திரி மாதிரி. அதன் கடைசித் துண்டைக் கழற்றி இரும்புக் கதவு வைத்தோம். கூரையடிக் காற்றுத் துளைகளுக்கு 1/8 அங்குலக் கண்ணுள்ள உலோக வலை. விறகு 30 அடிக்கு அப்பால்.

காய்ந்த புல்லைக் காலை 10 மணிக்குள், காற்றில்லாத நாளில் வெட்டுங்கள். இயந்திரத் தகடு கல்லில் பட்டுத் தெறிக்கும் பொறியே போதும்.

தீ நெருங்கி வீட்டைவிட்டுக் கிளம்பும் நேரத்தில் மின்சாரம் இருக்காது என்றே வைத்துக்கொள்ளுங்கள். கராஜ் கதவைக் கையால் திறக்க வீட்டில் எல்லோருக்கும் தெரிய வேண்டும். ஊரிலிருந்து வந்திருந்த அம்மாவுக்கும் அதற்கான கயிற்றைக் காட்டி இழுக்கப் பழக்கினேன். தண்ணீர்த் தெளிப்பானைத் திறந்துவிட்டுப் போகாதீர்கள். தீயணைப்பு வீரர்களுக்கு நீரழுத்தம் குறைந்துவிடும். முதியவர் இருக்கும் வீடு வெளியேறும் உத்தரவுக்குக் காத்திருக்க வேண்டாம், எச்சரிக்கை வந்ததுமே புறப்படுவது நல்லது.

பக்கத்து வீட்டுப் பெரியவரால் ஏணி ஏற முடியாது. அவர் வீட்டுக் கட்டரையும் நாங்களே சுத்தம் செய்கிறோம். அவர் வீடு பற்றினால் அந்த அனலில் எங்கள் ஜன்னல் கண்ணாடி தாங்காது.