அண்டங்காக்கையை வரையப் போகும் பிள்ளைகளுக்கு

1. பென்சிலைத் தொடும் முன் கவிதையை வாய்விட்டுப் படியுங்கள். எட்கர் ஆலன் போவின் ‘தி ரேவன்’ 1845-இல் வந்தது. நள்ளிரவு, ஓர் அறை, காதலியைப் பறிகொடுத்தவன், உள்ளே வரும் ஓர் அண்டங்காக்கை. நடப்பது அவ்வளவுதான். பறவை சொல்வதும் ஒரே சொல். அதைக் கேட்கக் கேட்க அவன் மனம் உடைகிறதே, அதைத்தான் நீங்கள் வரைய வேண்டும்.

2. குஸ்தாவ் டோரேயிடம் நீண்ட நாள் இருங்கள். இந்தக் கவிதைக்கான படங்கள் அவருடைய கடைசிக் காலத்து வேலை. 1883 ஜனவரியில் அவர் காலமானார். நியூயார்க்கின் ஹார்ப்பர் அண்ட் பிரதர்ஸ் அவற்றைப் பெரிய அளவுப் புத்தகமாகக் கொண்டுவந்தபோது பார்க்க அவர் இல்லை. ஒவ்வொரு படமாக நிதானமாகப் பாருங்கள். பறவை இல்லாத படங்களே அதிகம். திரைச்சீலை, நாற்காலி, ஜன்னல் எல்லாம் கையால் தொடலாம் போல இருக்கும். அவற்றுக்கு நடுவே தேவதைகளும் இறந்துபோனவளின் உருவமும் சாம்பல் நிறத்தில், ஊடுருவிப் பார்க்கும்படி மிதக்கும். அறையும் அவன் நினைப்பும் ஒரே சட்டத்துக்குள் அடங்கிவிடுகின்றன. நான் பார்த்தவர்களில் இதை இவ்வளவு இயல்பாகச் செய்தவர் வேறொருவர் இல்லை.

3. மண்டையோடு, சிலந்திவலை, முழுநிலவு என்று எடுத்த எடுப்பிலேயே அடுக்காதீர்கள். டோரேயும் அரிவாள் ஏந்திய மரணத்தை வரைந்தார்தான். ஆனால் அந்த அறையை நாம் நம்பும்படி வரைந்திருப்பதால்தான் அதுவும் நிற்கிறது.

4. இருட்டிலிருந்து வெளிச்சத்தை எடுக்கப் பழகுங்கள். டோரேயின் படங்கள் மரச்செதுக்கு முறையில் அச்சானவை. பாக்ஸ்வுட் மரத்தைக் குறுக்காக வெட்டி, அந்த முகத்தில் கூரிய உளியால் கோடு கோடாகச் செதுக்குவார்கள். செதுக்கிய இடம் தாளில் வெள்ளையாகும். விட்ட இடம் மை ஏந்திக் கறுப்பாகும். சாம்பல் நிறம் என்று தனியாக ஒன்று கிடையாது; நெருங்கியும் விலகியும் ஓடும் கோடுகள்தான் அதை உண்டாக்குகின்றன. ஸ்கிரேப்பர்போர்டு (கறுப்புப் பூச்சைச் சுரண்டினால் வெள்ளை தெரியும் அட்டை) கிடைத்தால் வாங்குங்கள். இல்லையென்றால் கறுப்புத் தாளும் வெள்ளை மையும் போதும். விளக்கு எங்கே இருக்கிறது என்று முடிவு செய்யாமல் முதல் கோட்டைப் போடாதீர்கள்.

5. செதுக்கியவர்களின் பெயரைத் தேடிப் படியுங்கள். டோரே வரைந்தார், மரத்தில் வெட்டியவர்கள் வேறு பலர். ஹார்ப்பர் பதிப்பின் படப்பட்டியலில் அவர்கள் பெயரும் இருக்கிறது. அந்தப் படங்களின் புகழில் அவர்களுக்கும் பங்குண்டு.

6. பிறகு எதுவார் மானேயைப் பாருங்கள். 1875-இல் பாரிஸில், மலார்மேயின் பிரெஞ்சு மொழிபெயர்ப்போடு இதே கவிதைக்குப் படம் போட்டார். இருவரும் கையெழுத்திட்ட பதிப்பு, விற்பனையோ படுதோல்வி. டோரே நுணுக்கி நுணுக்கிக் காட்டிய அறையை மானே தூரிகையில் மை தோய்த்து நாலு வீச்சில் முடிக்கிறார். கடைசிப் படத்தில் ஆளே இல்லை. ஒரு நாற்காலி, தரையில் விழும் நிழல், அவ்வளவே. டோரேயை நான் வணங்குகிறேன். ஆனாலும் இந்த ஒரு படத்தை அவருடைய எல்லாப் படங்களுக்கும் மேலே வைப்பேன்.

7. வண்ணம் வேண்டுமென்றால் எட்மண்ட் டூலாக் 1912-இல் போவின் கவிதைகளுக்கு வரைந்தவற்றைப் பாருங்கள். அதற்கு அவசரமில்லை, கறுப்பும் வெள்ளையும் கைக்கு வந்தபின் போதும்.

8. உங்கள் படம் புத்தகத்தில் எந்தப் பக்கத்தில் வரும் என்பதையும் நீங்களே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். வாசகர் வரியை எட்டும் முன்பே படம் அதைச் சொல்லிவிட்டால் கவிஞரின் உழைப்பு வீண். பக்க அமைப்பாளருடன் உட்கார்ந்து பேசுங்கள். தேவைப்பட்டால் படத்தை ஒரு பக்கம் தள்ளிப் போடச் சொல்லுங்கள்.