வலியை எந்தக் கருவியால் அளப்பது?

மாணவர்களே, உங்களுக்குக் காய்ச்சல் என்றால் வெப்பமானி காட்டிவிடும். இரத்த அழுத்தத்தை அளக்கவும் கருவி உண்டு. ஆனால், குடல்வால் அறுவை சிகிச்சை முடிந்து வார்டில் படுத்திருப்பவருக்கு எவ்வளவு வலிக்கிறது என்பதைக் காட்டும் கருவி அங்கே இல்லை. தாதியர் அதை எப்படி அறிகிறார்கள்?

காயம்பட்ட திசுவிலிருந்து நரம்புகள் வழியாகச் சமிக்ஞைகள் முதுகுத்தண்டை அடைந்து, மூளைக்குச் செல்கின்றன. வலி என்ற உணர்வு மூளையில்தான் உருவாகிறது. பயமும் தூக்கமின்மையும் அதைக் கூட்டலாம். ஆகவே, ஒரே மாதிரியான காயம் இருவருக்கு ஒரே அளவு வலியைத் தருவதில்லை. நாடித்துடிப்பை மட்டும் நம்பவும் முடியாது. பயத்தாலும் இரத்த இழப்பாலும்கூட அது வேகமாகலாம்.

எனவே, தாதி நோயாளியையே கேட்கிறார்: "வலியே இல்லை என்றால் 0, தாங்கவே முடியாத கடுமையான வலி என்றால் 10. இப்போது உங்களுக்கு எத்தனை?" அசையாமல் படுத்திருக்கும்போது மட்டுமன்றி, இருமும்போதும் எப்படி இருக்கிறது என்று கேட்பார். மருந்து கொடுத்த பிறகு மீண்டும் கேட்பார். 7 என்றவர் 3 என்றால், மருந்து வேலை செய்கிறது. இந்த எண்ணைப் பக்கத்துக் கட்டிலில் இருப்பவரின் எண்ணோடு ஒப்பிடுவதில்லை. அவரவர் முன்பு சொன்ன எண்ணோடுதான் ஒப்பிடுவர்.

எண்களைப் புரிந்துகொள்ளாத சிறுவர்களுக்கு, சிரிக்கும் முகம் முதல் அழும் முகம் வரை ஆறு படங்களைக் காட்டுவார்கள். 1980களில் அமெரிக்கத் தாதி டோனா வோங், கோனி பேக்கருடன் சேர்ந்து உருவாக்கிய முறை இது. பேசத் தெரியாத குழந்தை என்றால் முகம், கால்கள், உடலசைவு, அழுகை, தேற்றினால் அடங்குகிறதா என்பது ஆகிய ஐந்தையும் கவனித்து, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 2 வரை புள்ளி கொடுப்பார்கள். மொத்தம் 10 புள்ளி.

உடல் வெப்பம், நாடித்துடிப்பு, சுவாசம், இரத்த அழுத்தம் ஆகிய நான்கோடு வலியையும் ஐந்தாவதாகப் பதிவுசெய்யும் முறையை மலேசியச் சுகாதார அமைச்சு 2008இல் தொடங்கியது.

நம் பெரியவர்கள் பலர், "பரவாயில்லை மிஸ்ஸி, தாங்கிக்கொள்வேன்" என்பார்கள். இதில் ஆபத்து உண்டு. வலிக்குப் பயந்து ஆழமாக மூச்சு விடாமலும் இருமாமலும் இருந்தால், சளி தேங்கி நுரையீரலில் கிருமித்தொற்று ஏற்படலாம். நடக்காமலே படுத்திருந்தால் கால்களின் இரத்தக்குழாய்களில் இரத்தம் உறையலாம். குறைந்துவந்த வலி திடீரெனக் கூடினால், அது உள்ளே இரத்தக் கசிவோ தொற்றோ ஏற்பட்டிருப்பதன் அறிகுறியாகவும் இருக்கலாம். வலியை மறைத்தால் அந்த எச்சரிக்கையும் மறைந்துவிடும்.

அதற்காக மருந்தை அள்ளிக் கொடுப்பதும் இல்லை. மார்ஃபின் அளவு மிஞ்சினால் மூச்சு மந்தமாகிவிடும். அதனால்தான் தாதி, நோயாளி எவ்வளவு மயக்கமாக இருக்கிறார் என்பதைப் பார்க்கிறார். ஒரு நிமிடத்தில் எத்தனை முறை மூச்சு விடுகிறார் என்பதையும் எண்ணுகிறார்.

உங்கள் தாத்தாவோ பாட்டியோ மருத்துவமனையில் இருக்கும்போது, தாதியின் கேள்வியை நீங்கள் தமிழில் விளக்கிச் சொல்ல நேரலாம். கேள்வியை மட்டும் சொல்லுங்கள். எண்ணை அவர்களே சொல்லட்டும். அந்த வலியை அளக்கும் கருவி அவர்களிடம்தான் இருக்கிறது.