இஞ்ச் டேப் சொல்லும் இரண்டு அளவுகள்

ஒன்பதாம் வகுப்பில் ஒரு மாணவி. எட்டாம் வகுப்பு வரை கோ-கோ அணியில் முதல் பெயராக இருந்தவள். கோடை விடுமுறை முடிந்து வந்ததும், விளையாட்டுப் பாடவேளை என்றாலே "வயிறு வலிக்குது மிஸ்" என்று வேப்பமரத்தடியில் உட்காரத் தொடங்கினாள். மாதத்துக்கு ஒருமுறை என்றால் புரிந்துகொள்ளலாம். வாரத்துக்கு இரண்டு முறை வயிறு வலிக்குமா? தோளைக் குறுக்கி, புத்தகப்பையை முன்பக்கம் அணைத்தபடி நடப்பதையும் கவனித்தேன்.

நான் செய்த தவறை முதலில் சொல்லிவிடுகிறேன். ஆசிரியர் அறையில், இன்னும் இரண்டு பேர் இருக்கும்போதே, "ஏம்மா, விளையாடவே மாட்டேங்கிற? என்னதான் பிரச்சினை?" என்று கேட்டுவிட்டேன். அவள் தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். அடுத்த இரண்டு நாள் பள்ளிக்கே வரவில்லை. மூன்றாம் நாள் வந்தவளை, ஆய்வகத்தில் குடுவைகளைத் துடைத்து அடுக்க உதவிக்கு அழைத்தேன். நான் எதுவும் கேட்கவில்லை. அரை மணி நேரம் கழித்து அவளாகவே சொன்னாள்: "ஓடினா வலிக்குது மிஸ். அக்காவோட பழசத்தான் போட்டிருக்கேன். தோள்ல நிக்கவே மாட்டேங்குது. எல்லாரும் பாக்குற மாதிரி இருக்கு."

ஒரு நல்ல ஆட்டக்காரியை ஆடுகளத்திலிருந்து வெளியே நிறுத்தியது காயமோ நோயோ அல்ல. அளவு பொருந்தாத ஓர் உள்ளாடை.

இது நம் வேலையா?

இந்தக் கேள்வி எனக்கும் வந்தது. தாய் சொல்லித் தர வேண்டியது என்று விட்டுவிடலாம். ஆனால் அந்தத் தாய்க்கு யார் சொல்லித் தந்தார்கள்? எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. கல்லூரி நாளில் கடைக்காரர் எடுத்துக் கொடுத்த 36 பி அளவையே ஏறக்குறைய இருபது ஆண்டுகளாக வாங்கிக்கொண்டிருந்தேன். தோள்பட்டையில் பள்ளம் விழுந்ததையும் மாலையில் கழுத்து வலித்ததையும் கரும்பலகையில் எழுதும் வேலையின் கணக்கில் சேர்த்துவிட்டேன்.

இங்கிலாந்தில் 11 முதல் 18 வயது வரையுள்ள 2,089 பள்ளி மாணவியரிடம் நடத்தப்பட்ட ஆய்வு ஒன்று 2016இல் வெளியானது. மார்பகம் தொடர்பான சங்கடம் ஏதோ ஒரு வகையில் தங்கள் விளையாட்டைப் பாதிக்கிறது என்று அவர்களில் 46 விழுக்காட்டினர் சொன்னார்கள். மார்பகம் பற்றி மேலும் தெரிந்துகொள்ள விரும்புவதாக 87 விழுக்காட்டினர் சொன்னார்கள். நாடு வேறு, கூச்சம் ஒன்றுதான். நாப்கின் பற்றி வகுப்பறையில் பேச ஒரு காலத்தில் தயங்கினோம். 'புதுயுகம்' திட்டம் வந்த பிறகு அந்தத் தயக்கம் பெருமளவு குறைந்தது. அடுத்து நாம் பேசவேண்டியது இதைத்தான்.

தாங்குவது தோள்வாரா, பட்டையா?

பெண்கள் பலரும் தோள்வார்தான் எடையைத் தாங்குகிறது என்று நினைக்கிறோம். அதனால் தொய்வாகத் தெரிந்தால் உடனே தோள்வாரை இழுத்து இறுக்குகிறோம். உண்மையில் எடையின் பெரும்பகுதியைத் தாங்க வேண்டியது மார்பின் கீழே உடலைச் சுற்றிவரும் பட்டை. தோள்வாரின் வேலை கிண்ணப்பகுதியை அதன் இடத்தில் நிறுத்துவது மட்டுமே.

இதைப் புரியவைக்கப் புத்தகப்பையே போதும். அகலமான வார் உள்ள பையையும், அதே எடையில் மெல்லிய கயிறு கட்டிய பையையும் தோளில் மாட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். பரப்பு குறைந்தால் அழுத்தம் கூடும் என்று அறிவியலில் நடத்துவது இதுதான். பட்டை தளர்ந்தால் எடை முழுவதும் இரண்டு மெல்லிய வார்களுக்கு மாறுகிறது. தோளில் பள்ளமும் கழுத்தில் வலியும் அதன் விளைவு.

அளப்பது எப்படி?

தேவை ஓர் இஞ்ச் டேப், ஒரு கண்ணாடி, ஒரு தாள். மெல்லிய, தளர்வில்லாத ஆடையின் மேலேயே அளக்கலாம்.

முதல் அளவு: மார்புக்குச் சற்றுக் கீழே, உடலைச் சுற்றி டேப்பை வைக்க வேண்டும். முதுகுப்பக்கம் டேப் மேலேறாமல் தரைக்கு இணையாக இருக்கிறதா என்று கண்ணாடியில் பார்க்க வேண்டும். மூச்சை இயல்பாக வெளியே விட்டு, டேப்பை உடலோடு ஒட்டி, வலிக்காமல் பிடிக்க வேண்டும்.

இரண்டாம் அளவு: மார்பின் முன்பக்கம் மிக அதிகமாக உள்ள இடத்தைச் சுற்றி, டேப்பை இறுக்காமல் அளக்க வேண்டும்.

இனி கணக்கு. நம் ஊர்க் கடைகளில் வழக்கமாக உள்ள முறை இது. முதல் அளவு இரட்டைப்படை எண்ணானால் 4, ஒற்றைப்படை எண்ணானால் 5 கூட்ட வேண்டும். கிடைப்பது பட்டை எண். இரண்டாம் அளவிலிருந்து பட்டை எண்ணைக் கழித்தால் கிண்ண அளவு கிடைக்கும். வித்தியாசம் 1 அங்குலம் என்றால் ஏ, 2 என்றால் பி, 3 என்றால் சி, 4 என்றால் டி.

என் அளவையே எடுத்துக்காட்டாகத் தருகிறேன். மார்புக்குக் கீழே 30 அங்குலம். 4 கூட்டினால் 34. மார்புச் சுற்றளவு 37, வித்தியாசம் 3. ஆக, என் அளவு 34 சி. நான் அணிந்துவந்ததோ 36 பி! கிண்ணத்தின் கொள்ளளவு ஏறக்குறைய ஒன்றுதான், பட்டைதான் தளர்வு. பட்டை எண் ஒரு படி இறங்கினால் கிண்ண எழுத்து ஒரு படி ஏறும் என்பதை இங்கே கவனிக்க வேண்டும். 34 சி, 36 சி இரண்டிலும் கிண்ணம் ஒன்று என்று நினைப்பது தவறு. எழுத்து தனியாக எதையும் சொல்லாது. எண்ணோடு சேர்ந்தால்தான் பொருள்.

4, 5 கூட்டாமல் அளவு சொல்லும் நிறுவனங்களும் உண்டு. எனவே பெட்டியின் பின்புறம் உள்ள அளவு அட்டவணையையும் ஒருமுறை பார்த்துவிட வேண்டும். கணக்கு நம்மைச் சரியான அலமாரிக்கு அழைத்துச் செல்லும். இறுதி முடிவை உடல்தான் சொல்லும்.

பொருந்துகிறதா? ஐந்து சோதனைகள்

1. பட்டையின் பின்பக்கம் முன்பக்கத்தின் அதே மட்டத்தில் இருக்க வேண்டும். முதுகில் மேலே ஏறினால் பட்டை தளர்வு.
2. பட்டைக்குள் இரண்டு விரல் நுழைய வேண்டும். அதற்கு மேல் இடம் இருக்கக் கூடாது. புதிதாக வாங்கும்போது கடைசி வரிசைக் கொக்கியிலேயே பொருந்த வேண்டும். நாளாக நாளாக எலாஸ்டிக் தளரும். அப்போது உள்வரிசைக்கு மாற்றலாம்.
3. கிண்ணத்தின் மேல்விளிம்பிலோ அக்குள் பக்கமோ சதை பிதுங்கினால் கிண்ணம் சிறியது. துணி சுருங்கி நின்றால் கிண்ணம் பெரியது.
4. தோள்வார் நழுவவும் கூடாது. கழற்றியபின் ஆழமான தடம் பதியவும் கூடாது.
5. இரு கைகளையும் மேலே தூக்கி, குனிந்து, நிமிர்ந்து பார்க்க வேண்டும். பட்டை இடம் மாறாமல் இருந்தால் சரி. கரும்பலகையின் உச்சியில் எழுதும் நமக்கு இது மிகவும் பொருந்தும் சோதனை.

ஒரே அளவு, வேறு வடிவம்

34 பி அணியும் இருவருக்கு ஒரே மாதிரி பொருந்த வேண்டும் என்பதில்லை. உடலமைப்பு வேறு. பிள்ளைகளுக்குப் பாலூட்டி முடித்த தாய்மாருக்கு மார்பகத்தின் மேற்பகுதி சற்றுக் குறைந்து, கீழ்ப்பகுதியில் நிறைவு இருப்பது இயல்பு. முழுக் கிண்ணம் அணிந்தால் அவர்களுக்கு மேலே துணி சுருங்கி நிற்கும். மேல்விளிம்பு சற்றுத் தாழ்ந்த வகை பொருந்தும். மார்பகம் கனமாக உள்ளவர்களுக்கு முழுக் கிண்ணமும், அகலமான தோள்வாரும், மூன்று கொக்கி வரிசை உயரமுள்ள பட்டையும் ஆறுதல் தரும். தோள் சரிவாக உள்ளவர்கள் வார்கள் முதுகின் நடுவை நோக்கி நெருங்கிவரும் வகையைத் தேர்ந்தெடுக்கலாம், அடிக்கடி நழுவாது.

இரண்டு பக்கமும் சிறிது அளவு வேறுபடுவது இயல்பு. பெரிய பக்கத்துக்குப் பொருந்தும்படி வாங்கி, மற்ற பக்கத்துத் தோள்வாரைச் சற்று இறுக்கிக்கொண்டால் போதும்.

பிரா அணிந்தால் மார்பகப் புற்றுநோய் வரும் என்று சொல்லித் திரிபவர்கள் இருக்கிறார்கள். அமெரிக்காவின் சியாட்டில் நகர ஆய்வாளர்கள் 1,500க்கும் மேற்பட்ட பெண்களிடம் நடத்தி 2014இல் வெளியிட்ட ஆய்வில், அப்படி எந்தத் தொடர்பும் காணப்படவில்லை. ஆனால் கட்டி, காம்பிலிருந்து இரத்தக் கசிவு, தோலில் புதிய சுருக்கம் ஆகியவை தென்பட்டால் எந்த வயதிலும் மருத்துவரிடம் போக வேண்டும்.

வளரும் வயதில்

பெண் குழந்தைகளுக்கு மார்பக வளர்ச்சி பொதுவாக 8 முதல் 13 வயதுக்குள் தொடங்குகிறது. எனவே தொடக்கப்பள்ளியில் நான்காம், ஐந்தாம் வகுப்பு ஆசிரியைகளுக்கும் இதில் பங்கு உண்டு. ஒரு பக்கம் முன்னதாகத் தொடங்குவதும், தொடக்கத்தில் தொட்டால் வலிப்பதும் இயல்பே. இதை அறியாத குழந்தை தனக்கு ஏதோ நோய் என்று பயப்படும். 'இது எல்லோருக்கும் உண்டு' என்ற ஒரு சொல் அந்தப் பயத்தைப் போக்கும்.

இந்த வயதில் கம்பி வைத்தது வேண்டாம். மென்மையான பருத்தியில், கொக்கியில்லாத தொடக்க வகை போதும். எந்த வயதில் தொடங்குவது என்பதற்குச் சட்டம் இல்லை. குழந்தைக்குத் தேவை என்று தோன்றும்போது தொடங்கலாம். அளவு மாறிக்கொண்டே இருக்கும் என்பதால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை அளக்க வேண்டும். 'வளர்ற பிள்ளைதானே' என்று பெரிதாக வாங்குவது சீருடைக்குச் சரி, இதற்குச் சரிவராது.

ஓடி ஆடுபவர்களுக்கு, அசைவைக் குறைக்கும் விளையாட்டு பிரா நல்லது. அதன் கதையை மாணவியரிடம் சொல்லலாம். 1977இல் அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில், ஓடும்போது ஏற்பட்ட வலிக்குத் தீர்வு தேடிய லிசா லிண்டால், தோழியர் பாலி ஸ்மித், ஹிண்டா மில்லர் ஆகியோருடன் சேர்ந்து, ஆண் விளையாட்டு வீரர்கள் அணியும் உள்ளாடை இரண்டை ஒன்றாகத் தைத்து முதல் மாதிரியை உருவாக்கினார். 'வலிக்கிறது' என்று வாய்விட்டுச் சொன்னதில் பிறந்த கண்டுபிடிப்பு அது.

துவைப்பதும் காயவைப்பதும்

நம் வீடுகளில் இந்தத் துணி வெயிலைப் பார்ப்பதே இல்லை. புடவைக்கு அடியிலோ குளியலறை மூலையிலோ ஒளிந்து காய்கிறது. ஈரம் முழுதும் போகாத துணியை அணிந்தால், வியர்வையும் சேர்ந்து மார்புக்குக் கீழே அரிப்பும் படையும் வருகின்றன. முறுக்கிப் பிழியாமல் கையால் துவைத்து, காற்றோட்டமான இடத்தில் முழுவதும் உலர்த்த வேண்டும். குறைந்தது மூன்று இருந்தால் மாற்றி மாற்றி அணியலாம். எலாஸ்டிக்கும் நீண்ட நாள் உழைக்கும்.

நாங்கள் நடத்திய விதம்

ஒரு வெள்ளிக்கிழமை பிற்பகல் தலைமை ஆசிரியரின் ஒப்புதலோடு ஒன்பது, பத்தாம் வகுப்பு மாணவியரின் தாய்மாரை மட்டும் முதலில் அழைத்தோம். கிராம சுகாதார செவிலியரும் வந்திருந்தார். "ஜாக்கெட் தைக்க டெய்லரிடம் என்ன கொடுப்பீர்கள்?" என்று கேட்டேன். "அளவு ஜாக்கெட்" என்றார்கள். "அந்த அளவு ஜாக்கெட்டே தப்பா இருந்தா?" என்றதும் சிரிப்பு எழுந்தது. அதன்பின் பேசுவது எளிதாகிவிட்டது. ஆடையின் மேலேயே என்னை ஓர் ஆசிரியை அளந்து காட்டினார். கணக்கைத் தாய்மாரே போட்டார்கள். "இத்தனை வருஷம் 38 வாங்கிட்டு இருந்தேன் டீச்சர், எனக்கு 34தானா!" என்றார் ஒரு தாய்.

அடுத்த வாரம் மாணவியருக்கு வகுப்பு. அங்கே பட்டைக்குப் பதிலாக ஒரு தண்ணீர்க் குடத்தின் கழுத்தையும் வயிற்றையும் அளந்து பழகினார்கள். தம் அளவை வீட்டில் தாயின் துணையோடு எடுத்துக்கொள்ளச் சொல்லி அனுப்பினோம்.

இதை நடத்த விரும்பும் ஆசிரியைகள் சில வரையறைகளை மீறக் கூடாது. மாணவியின் உடலை நாம் அளக்கக் கூடாது. யாருடைய அளவையும் கேட்கவோ எழுதி வாங்கவோ கூடாது. எந்த மாணவியையும் எடுத்துக்காட்டாகச் சுட்டக் கூடாது. கேள்விகளைப் பெயரில்லாத சீட்டில் எழுதிப் பெட்டியில் போடச் செய்யலாம். பெண் ஆசிரியர் இல்லாத பள்ளியில் சுகாதார செவிலியரை அழைக்கலாம். ஆண் ஆசிரியர்கள் செய்யக்கூடிய பெரிய உதவி ஒன்று உண்டு: விளையாடத் தயங்கும் மாணவியை எல்லோர் முன்னும் காரணம் கேட்காமல், ஓர் ஆசிரியையிடம் தகவல் சொல்வது. நான் செய்த தவறு மற்றொருவரால் நிகழ வேண்டாம்.

அந்த மாணவியின் தாயும் கூட்டத்துக்கு வந்திருந்தார். தினக்கூலி வேலையை அரைநாள் விட்டுவிட்டு வந்தவர். எதுவும் பேசவில்லை. போகும்போது இஞ்ச் டேப்பை மட்டும் ஒருநாள் இரவல் கேட்டு வாங்கிப்போனார். மறுநாள் அதை என்னிடம் திருப்பித் தந்தது மகள்தான். பத்து நாள் கழித்து விளையாட்டுப் பாடவேளையில் வேப்பமரத்தடியைப் பார்த்தேன். அங்கே யாரும் இல்லை. அவள் கோ-கோ வரிசையில், எழுந்து ஓடத் தயாராக உட்கார்ந்திருந்தாள்.